முனையில்லாத முடிச்சும் மூன்று வருஷச் சந்தேகமும்

முடிச்சுக் கணிதம் படிக்கிறவர்களைப் பிடிக்கும் முதல் வியாதி சந்தேகம். ஒரே சிக்கலை மூன்று வருஷம் முறைத்துப் பார்த்து, இது அதுதானா, வேறா என்று சோறு தண்ணி மறந்தவர்கள் யாராவது இருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

கனி அண்ணன் கடை

ஈப்போவில் கனி அண்ணனின் ஹார்ட்வேர் கடையில் நைலான் கயிறு கேட்டேன். சிவப்பில் இரண்டு மீட்டர், நீலத்தில் இரண்டு மீட்டர். படகுக்கா என்றார். இல்லை. ஆட்டுக்கா? இல்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

உண்மையைச் சொன்னேன். இரண்டிலும் சிக்கலான முடிச்சு ஒவ்வொன்று போட வேண்டும். வெட்டாமல், ஒட்டாமல், இழுத்தும் வளைத்தும் ஒன்றை மற்றொன்றாக ஆக்கவே முடியாது என்று நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால் டாக்டர் பட்டம். அவர் கயிற்றை அளந்துகொண்டே சொன்னார்: "வெட்டக் கூடாதுன்னா என்கிட்ட எதுக்கு வந்தீங்க தங்கச்சி? இங்க வெட்டித்தான்லா விக்கிறோம்."

லூமுட் ஜெட்டி

பங்கோர் தீவுக்குப் போகும் ஃபெரிக்காகப் படகுத்துறையில் நானும் என் கணவர் முருகேசும் காத்திருந்தோம். நான் நீலக் கயிற்றை வெளியே எடுத்தேன். எங்கள் தொழிலில் முடிச்சுப் போட்டதும் கயிற்றின் இரண்டு முனைகளையும் சேர்த்து ஒட்டிவிடுவோம். முனை இருந்தால் அதை உருவியே எந்த முடிச்சையும் அவிழ்த்துவிடலாம். பிறகு ஆராய்ச்சி எதற்கு?

பக்கத்தில் இருந்த மீன்பிடிக்காரர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முனையைத் தேடினார். கிடைக்கவில்லை. என்னிடம் கொடுக்காமல் முருகேசுவிடம் கொடுத்தார். "முனைய ஒளிச்சு வச்சிட்டு அவுக்கச் சொல்றாங்க. பாத்து இருங்க அண்ணே."

செல்வத்தின் கணக்கு

செல்வம் என்னோடு ஆராய்ச்சி செய்கிறவன். நான் பார்த்தவரை சுத்தமான பையன், அதனாலேயே எனக்குச் சந்தேகம். என் கணக்கில் சிவப்பு முடிச்சும் நீல முடிச்சும் வேறு வேறு என்று தெளிவாக வந்திருந்தது. மூன்று வருஷ வேலை. வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். திங்கட்கிழமை அவன் என் கயிறுகளை இரவல் வாங்கி, தன் கணினியில் போட்டுப் பார்த்துவிட்டு, ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்றான்.

எனக்கு ரத்தம் கொதித்தது. கயிறு எதன் மேலே போகிறது, எதன் கீழே போகிறது என்பதைத் தப்பாகக் குறித்திருப்பான் என்றேன். பொறாமை என்றுகூட நினைத்தேன், அவன் முகத்துக்கு நேராகவே சொல்லியும்விட்டேன். அவன் சண்டைக்கு வரவில்லை. கயிறுகளை மேசையில் வைத்துவிட்டு எழுந்தான். "என்னைச் சந்தேகப்படுங்க அக்கா, பரவால்ல. ஆனா நான் கயித்தப் பாத்து எழுதுனேன். நீங்க எதப் பாத்து எழுதுனீங்க?"

முருகேசுவின் கேள்வி

நான் படத்தைப் பார்த்து எழுதினேன். நீல முடிச்சை முருகேசு படம் எடுத்தார். சிவப்பை நானே எடுத்தேன், அவர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில். முடிச்சை அட்டையில் குத்தி, நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, போனை அலமாரியில் சாய்த்து வைத்து, என் முகம் பார்க்கிற கேமராவிலேயே எடுத்தேன். கோலா கங்சாருக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில் எங்கள் வீடு. பகலில் உதவிக்குக் கூப்பிட ஆள் கிடைக்காது.

செவ்வாய்க்கிழமை அந்தப் படத்தை முருகேசுவிடம் காட்டி, செல்வத்தைப் பற்றிப் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தேன். அவர் முடிச்சைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். மறுபடி என் கையைப் பார்த்தார். "இது யாரு? நீ கடிகாரத்த இடது கையிலதானே கட்டுவ?"

போன் என்னை இடம் வலமாகப் புரட்டிச் சேமித்திருந்தது. உங்கள் கல்யாண வீட்டுப் படத்தைப் புரட்டினால் ஒன்றும் ஆகாது. முடிச்சின் படத்தைப் புரட்டினால் அது பெரும்பாலும் வேறு முடிச்சாகிவிடும். சிவப்பு முடிச்சும் நீல முடிச்சும் வேறு என்று நான் நிரூபிக்கவில்லை. கண்ணாடிக்குள் தெரிந்த சிவப்பும் நீலமும் வேறு என்றுதான் நிரூபித்திருந்தேன். அன்று அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

எட்டாவது நகர்த்தல்

புதன்கிழமை செல்வத்தைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். வந்தான். சாப்பாட்டு மேசையில் இருவரும் சிவப்புக் கயிற்றை இழுத்தோம், வளைத்தோம், திருப்பினோம். எட்டாவது நகர்த்தலில் அது நீலக் கயிற்றின் பக்கத்தில் அச்சு அசலாக அதே மாதிரி கிடந்தது. மூன்று வருஷ நிரூபணம் போய்விட்டது. இனி வெள்ளிக்கிழமை நான் ஒப்படைக்க வேண்டியது நேர்மாறான ஒன்று: இரண்டும் ஒரே முடிச்சு. அதற்குப் பட்டம் கொடுப்பார்களா என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

செல்வம் என் போனை எடுத்து என்னிடம் நீட்டினான். "அதே கேமராவுல என்னையும் ஒரு படம் எடுங்க அக்கா. அதுலயாவது நல்லவனாத் தெரியிறனான்னு பாப்போம்."

மூன்று வருஷத்தில் நான் சந்தேகப்படாமல் விட்டது ஒரே ஒருத்தியைத்தான், அட்டையைப் பிடித்துக்கொண்டு வலது கையில் கடிகாரத்தோடு நின்றவளை.