ஐஸ் பெட்டி மேல் என் இடம்

டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் எரிகிற புகை வாசம் யாருக்காவது பிடிக்குமா? எனக்குப் பிடிக்கும். சிரிக்காதீர்கள்...

அந்தப் புகையோடு கடல் காற்றும், மடியில் இருக்கும் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தின் வாழையிலை வாசமும் கலந்து வரும். ஞாயிற்றுக்கிழமை என்றால் இன்றைக்கும் எனக்கு அதுதான் ஞாபகம்.

நாங்கள் இருப்பது கோத்தா திங்கியில். என் வீட்டுக்காரருக்கு வேலை எல்லைப் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரில். விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவார். திரும்பி வரும்போது அந்த முகத்தில் பேச்சே மிச்சம் இருக்காது.

"சாப்பாடு எடுத்து வைக்கவா?"

"ம்."

"நாளைக்கும் ஓ.டி.யா?"

"ம்."

வாரம் முழுக்க எங்கள் குடும்ப உரையாடல் இவ்வளவுதான்.

சனிக்கிழமை சாயங்காலமே சர்ச் பூசைக்குப் போய்விடுவோம், ஞாயிறு கடலுக்குப் போக வேண்டுமே! செடிலி ஆற்றோரம் எங்கள் படகு கட்டிக் கிடக்கும். ஒரு மலாய் மீனவரிடம் வாங்கிய பழைய ஃபைபர் படகு. பின்னால் ஒரே ஒரு கிழட்டு எஞ்சின். அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவர் உட்காருவார். பக்கத்தில் ஐஸ் பெட்டி, அதன் மூடிமேல் நான். எஞ்சின் நடுக்கத்தில் என் வளையல்கள் தானாகவே குலுங்கும்.

ஆற்றுவாயைத் தாண்டினதும் மனுஷனுக்கு வாய் திறக்கும் பாருங்கள்...

சூப்பர்வைசர் திட்டியது, பாலத்தில் ஜாமில் மழையோடு நின்றது, கல்யாணத்தன்று சர்ச் வாசலில் புதுச் செருப்பு காணாமல் போய் மச்சானுடையதைப் போட்டுக்கொண்டு வந்தது... எல்லாம் வரும். அந்த எஞ்சின் போடும் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் சொல்லுவார். நானும் கத்தித்தான் பதில் சொல்லுவேன். தூரத்தில் இருந்து பார்ப்பவர்கள் புருஷனும் பெண்டாட்டியும் நடுக்கடலில் சண்டை போடுகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

எங்கள் முதல் பிள்ளை பிறந்த சில நாளிலேயே போய்விட்டான். வீட்டில் அவர் அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. ஒரே ஒரு தடவை பேசினார், அதுவும் அந்தப் படகில்தான். என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "அவன் கைய இன்னும் கொஞ்ச நேரம் புடிச்சிருக்கலாம் ரீத்தா" என்று கத்தினார். அவ்வளவு சத்தம் இருந்ததால்தான் அவரால் அதைச் சொல்ல முடிந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

ஒருநாள் திரும்பும் வழியில் வானம் கறுத்துவிட்டது. அலை படகுக்குள் விழுகிறது, எஞ்சினோ ஆமை மாதிரி நகர்கிறது. "மாதாவே, மாதாவே" என்று நான் அழுத அழுகை கரை வரைக்கும் ஓயவில்லை. கரை ஏறியதும் அவர் சொன்னது ஒன்றே ஒன்று.

"இனிமே இந்த எஞ்சின்ல உன்ன கூட்டிட்டுப் போக மாட்டேன்."

எனக்காகத்தான் மாற்றினார். அதுதான் இதில் இருக்கும் பெரிய வருத்தமே. கோபப்படவாவது ஒரு ஆள் வேண்டாமா?

பழைய எஞ்சினைக் கொடுத்துவிட்டு, படகின் பின்பலகையை உயர்த்திக் கட்டி, புது ஃபோர்-ஸ்ட்ரோக் இரண்டை மாட்டினார். ஒவ்வொன்றும் சின்ன ஃபிரிட்ஜ் அளவு. ஸ்டியரிங்கும் வந்தது, படகின் நடுவில். தண்ணீரில் இறக்கியதும் படகின் பின்புறம் அப்படியே அமுங்கியது. தண்ணீர் வெளியே போவதற்கு விட்டிருந்த ஓட்டை வழியாகவே தண்ணீர் உள்ளே வந்தது.

மெக்கானிக் ஆ ஹோக் தலையைச் சொறிந்தார். "அலமாக்... பெலாக்காங் பெராட் லா, பாஸ்." பின்பக்கம் கனம் என்கிறார். என் கால் ஏற்கெனவே நனைந்துவிட்டது, அவர் சொல்லியா தெரிய வேண்டும்?

பேட்டரி, தோங் என்கிற பெட்ரோல் பீப்பாய், ஐஸ் பெட்டி எல்லாம் முன்னால் போயின. அப்படியும் வேகம் கொடுத்தால் படகு மூக்கைத் தூக்கியது. ஆ ஹோக் என்னைக் கைகாட்டினார். "காக்கா டுடுக் டெப்பான்!" மலாயில் காக்கா என்றால் அக்கா.

"நீ முன்னாடி உக்காரணுமாம். இனிமே நீதான் பேலன்ஸ்" என்று இவர் சிரித்தார். நானும் சிரித்தேன். கொஞ்சம் பூசினாற்போல இருப்பதற்கு ஒரு உபயோகம் கிடைத்ததே என்று.

படகு பறந்தது. ஒவ்வொரு அலைக்கும் என் இடுப்பை ஒரு தடவை தூக்கிப் போடும். முதுகு அவர் பக்கம், முகம் காற்றில். எஞ்சின்களோ மின்விசிறி மாதிரி, சத்தமே இல்லை. ஒரு தடவை பின்னால் அவர் ஏதோ சொன்ன மாதிரி இருந்தது. திரும்பி, "என்னங்க?" என்றேன். ஒன்றும் இல்லை என்று கையை ஆட்டினார். அதற்குள் மீன் பிடிக்கும் இடமே வந்துவிட்டது.

இடுப்பு வலி பிடித்துக்கொண்டது. படகுப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது என் இடத்தில் இரண்டு தோங் தண்ணீர் உட்கார்ந்து போகிறது. மத்தியானத்துக்குள் திரும்பிவிடுகிறார். மீனைக் கழுவிக் கையில் கொடுக்கிறார்.

"கடல் எப்படி?"

"ஓகே லா."

பழைய எஞ்சினில் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம்தான் எங்களுடையது என்பது, அது போன பிறகுதான் இரண்டு பேருக்கும் தெரிந்தது.

போன மாதம் செடிலியில் ஆற்றோர டீக்கடையில் தே குடித்துக்கொண்டிருந்தோம். தூரத்தில் அந்தச் சத்தம்... எங்கள் பழைய எஞ்சின்தான்! யாரோ ஒருவருடைய சின்ன சம்பான் படகில் புகை கக்கிக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தோம். சம்பான் எங்களுக்கு நேரே வந்தது, மேசையில் கிளாஸ் எல்லாம் நடுங்கியது. அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டே குரலை உயர்த்தினார்.

"ரீத்தா... அவன் மட்டும் இருந்திருந்தா, இந்நேரம்..."

சம்பான் வளைவில் திரும்பியது. சத்தம் அடங்கிவிட்டது. அவரும் நிறுத்திவிட்டார்.

"இந்நேரம்... என்னங்க?"

"ஒண்ணும் இல்ல லா. தே ஆறுது, குடி."