பின்சீட்டுக்கு அடியில் நின்றுபோன சத்தம்

டெல்லியின் பாராபுல்லா மேம்பாலத்தின் நடுவில், மே மாத வெயிலில், என் கார் முதல்முறையாக நின்றது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். ஒருவர் கண்ணாடியைத் தட்டி, இறங்கித் தள்ளினால் என்ன என்று கேட்டார். பக்கத்து சீட்டில் கிடந்த ஊன்றுகோல்களைக் காட்டினேன். அவர் தள்ளாமலே தன் வண்டிக்குத் திரும்பிப் போனார்.

சின்ன வயதில் வந்த போலியோ என் இரண்டு கால்களையும் சூம்ப வைத்துவிட்டது. அரசு வேலை கிடைத்து டெல்லிக்கு வந்த புதிதில், என்னைக் கண்டதும் வேகமெடுத்துப் போன ஆட்டோக்களுக்குக் கணக்கே இல்லை. அதனால்தான் கியர் மாற்றத் தேவையில்லாத ஒரு சின்னக் காரை வாங்கி, பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் கையால் இயக்கும்படி கம்பி பொருத்திக்கொண்டேன். ஆபீஸ், ஐ.என்.ஏ. மார்க்கெட், ஞாயிற்றுக்கிழமை சர்ச், எல்லாம் அதில்தான். என்னோடு இருக்கும் தங்கை நர்ஸ். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவளை டூட்டிக்குக் கொண்டு விடுவதும் நான்தான்.

சூடு ஆறியதும் கார் தானாகவே கிளம்பியது. ஆனால் அடுத்த வாரமும் நின்றது. தெருமுனை மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கை மாற்றினார். பிறகு பேட்டரியை மாற்றினார். மறுபடியும் நின்றபோது என்னை விட்டுவிட்டு என் தங்கையிடம் திரும்பி இந்தியில் சொன்னார்:

"தீதி, நீங்க எடுத்துச் சொல்லுங்க. இந்தக் கைக்கம்பி மாட்டினதாலதான் வண்டி கெட்டுப்போச்சு. இனி இஞ்சினையே பிரிக்கணும். பேசாம வித்துட்டு கேப்ல போகச் சொல்லுங்க."

"கார் என்னோடது. என்கிட்ட சொல்லுங்க," என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். மறுபடி தங்கையிடமே, "சம்ஜாயியே இன்கோ," என்றார். எனக்குப் புரிய வைக்க வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்ததும் அவளும் ஆரம்பித்தாள். "அந்தாளு சொல்லுதது சரிதானக்கா? நடுரோட்டுல நின்னா ஒன்னால எறங்கி ஓட முடியுமா? வித்துருவோம்."

"எறங்கி ஓட முடியாதுன்னுதான்ட்டி கார் வச்சிருக்கேன்."

கார் நின்றுபோனதைவிட, அந்தக் கம்பியின் மேல் பழி போட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் காலை காரில் உட்கார்ந்து சாவியைப் பாதி திருப்பினேன். அப்படித் திருப்பும்போதெல்லாம் பின்சீட்டுக்கு அடியில் கொசு ரீங்கரிப்பது போல ஒரு சத்தம் கேட்டு அடங்கும். அதைக் கேட்ட பிறகுதான் ஸ்டார்ட் செய்வேன். அது என் பழக்கம். அன்று சத்தம் வரவில்லை. திரும்பத் திரும்பச் சாவியைத் திருப்பினேன். ஒன்றுமில்லை. காரும் கிளம்பவில்லை.

அந்தச் சத்தம் எதனுடையது என்று தேடிப் படித்தேன். பெட்ரோல் டேங்குக்குள் மூழ்கிக் கிடந்து, இஞ்சினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் ஃபியூவல் பம்ப்பின் சத்தம் அது. உடனே மெக்கானிக்கைத் திட்டக் கிளம்பவில்லை. முதலில் ஃபியூஸைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. பம்ப்புக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலேயையும் அதே அளவிலிருந்த ஹாரன் ரிலேயையும் இடம் மாற்றிப் போட்டேன். ஹாரன் அடித்தது, ஆக ரிலேயும் நல்லதுதான். பம்ப் மட்டும் ஓடவில்லை. பிறகு பின்சீட்டைத் தூக்கி, அடியிலிருந்த மூடியைக் கழற்றி, பம்ப்புக்கு வரும் ஒயரில் ஒரு சின்ன பல்பை மாட்டினேன். தங்கை சாவியைத் திருப்பியதும் பல்ப் எரிந்தது. கரண்ட் வருகிறது, பம்ப்தான் சுற்றவில்லை. ஒயரைத் திரும்ப மாட்டிவிட்டு, அவளை மறுபடி திருப்பச் சொல்லி, ஊன்றுகோலின் ரப்பர் முனையால் பம்ப்பின் தலையில் ஓங்கி ஒரு இடி இடித்தேன். முனகிக்கொண்டே சுற்றத் தொடங்கியது. கார் ஸ்டார்ட் ஆனது.

"எம்மாடி!" என்றாள் தங்கை. விற்கிற பேச்சு அதோடு நின்றது.

புதுப் பம்ப் வாங்க, கார் உதிரிபாகக் கடைகள் நிறைந்த காஷ்மீரி கேட்டுக்கு இருவரும் கேப்பில் போனோம். கடை படியேறிப் போகிற மாடியில். நான் கீழே கேப்பிலேயே இருந்தேன். மேலிருந்து எட்டிப் பார்த்த கடைக்காரர், மிஸ்திரி யார், பம்ப்பை மாட்டப்போவது யார் என்று கேட்டார். தங்கை என்னைக் கைகாட்டினாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, பம்ப்போடு புது ரப்பர் வளையமும் எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகவில்லை. காரின் நான்கு கதவுகளையும் திறந்துவைத்து, பேட்டரி ஒயரைக் கழற்றி, பின்சீட்டை வெளியே எடுத்தேன். அந்த இடத்தில் நானே உட்கார்ந்துகொண்டேன். மேல்மாடிக்காரர் சிகரெட்டோடு இறங்கி வந்தார்.

"காலனிக்குள்ள ரிப்பேர் வேலை கூடாது மேடம். ஆளைக் கூப்பிட்டுச் செய்யுங்க."

"பெட்ரோல் டேங்க்கைத் திறக்கப் போறேன். சிகரெட்டை அணைச்சிட்டுத் தள்ளிப் போங்க!" என்று இந்தியில் கத்தினேன். என் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் இருப்பது எனக்கே தெரியாது. அவர் கேட் வரை போய்விட்டார்.

பம்ப்பை இறுக்கியிருந்த பெரிய வளையம் அசையவே இல்லை. இரும்பால் தட்டினால் பொறி பறக்கும் என்று படித்திருந்தேன். சமையலறையிலிருந்து பூரிக்கட்டையைக் கொண்டுவரச் சொன்னேன்.

"அதுல இனிமே பூரி தேய்க்க முடியாதுக்கா!"

"வேற வாங்கிக்கலாம். குடு."

ஆயுள் முழுக்க ஊன்றுகோலில் உடம்பைத் தூக்கிச் சுமந்த கைகள் என்னுடையவை. பூரிக்கட்டையை முட்டுக்கொடுத்துத் தட்டத் தட்ட வளையம் இளகியது. குழாயைக் கழற்றும்போது பெட்ரோல் முழங்கை வரை வழிந்தது. பழைய பம்ப்பை உருவி எடுத்து, புதியதை மாட்டி, ரப்பர் வளையத்தைப் பதித்து மூடினேன். நடுவில் ஒருமுறை எந்த ஒயர் எங்கே என்று குழம்பிப்போய் அழுகை வந்தது. கழற்றுவதற்கு முன் செல்போனில் எடுத்திருந்த போட்டோவைத் தங்கை நீட்டினாள்.

பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். ரீங்காரம் கேட்டது. கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன், இல்லை. ஸ்டார்ட் செய்தேன். பிடித்துக்கொண்டது.

அந்த வெயிலிலேயே டெல்லியைத் தாண்டி மானேசர் வரை நிற்காமல் ஓட்டினேன். தங்கை பக்கத்தில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே வந்தாள். மாட்டும்போது, பெட்ரோல் அளவைக் காட்டும் மிதவையின் கம்பியைக் கொஞ்சம் வளைத்துவிட்டேன் போலிருக்கிறது. டேங்க் நிரம்பியிருந்தாலும் மீட்டர் முள் முக்கால்தான் காட்டுகிறது. காட்டிவிட்டுப் போகட்டும். எவ்வளவு பெட்ரோல் இருக்கிறதென்று எனக்குத் தெரியும்.