பத்தாம் நம்பர் ஸ்பேனர்

வீட்டு வண்டியில் ஊர் சுற்றப் போகிறவர்கள் முதலில் துணிமணியை எடுத்து வைப்பார்கள் என்று நினைக்கிறேன். நான் ஸ்பேனர்களை எடுத்தேன். கார் ஷெட்டில் நெல் காயப்போடும் படுதாவை விரித்து, என்னிடம் இருந்த இரும்புச் சாமான் எல்லாவற்றையும் அதில் பரப்பினேன். பழைய இரும்பு எடுக்கிறவர் தெருவில் போயிருந்தால் தராசோடு உள்ளே வந்திருப்பார்.

வண்டி என் மனைவியின் தம்பியுடையது. வளைகுடாவிலிருந்து திரும்பியதும் ஒரு பழைய டூரிஸ்ட் வேனை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, கட்டில், அடுப்பு மேடை, தண்ணீர் டாங்கி, ஒரு சின்ன ஃபேன் எல்லாம் வைத்திருந்தான். “அக்காவும் அத்தானும் மைசூர் வரைக்கும் போயிட்டு வாங்க” என்று அவனாகவே சொன்னான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டுமாக எங்கேயும் போனதில்லை. போன இடமெல்லாம் கல்யாண வீடு, இல்லாவிட்டால் சாவு விழுந்த துட்டி வீடு. எதற்குப் போனாலும் வேன் நிறையச் சொந்தக்காரர்கள். அதனால் அவன் சொன்ன அன்றிலிருந்து என் மனைவி அடுப்படியில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

மறு வாரமே தம்பிக்காரனுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

“வழியில வண்டி நின்னு போச்சுண்ணா அத்தான் என்ன செய்வாரு? ஒரு மனுசனிட்ட வாய் தொறந்து கேக்க மாட்டாருல்லா. பேசாம நானும் கூட வாறேன்க்கா. கீழ பாயப் போட்டுப் படுத்துக்கிடுவேன்.”

அவன் நல்லவன். ஆனால் நாகர்கோவிலில் ஆரம்பிக்கிற பேச்சை ஆரல்வாய்மொழி தாண்டியும் முடிக்க மாட்டான். அவனோடு மைசூர் போவது, வேன் நிறையச் சொந்தக்காரர்களோடு போவதற்குச் சமம்.

அவன் சொன்னதில் பொய்யும் இல்லை. நான் இராஜாக்கமங்கலம் பக்கம் ஓர் ஐஸ் கம்பெனியில் மெஷின் பார்க்கிறவன். பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பேச்சு அதற்கும் முன்பே முடிந்துவிட்டது என்று வீட்டில் சொல்வார்கள். பஸ்ஸில் போனால், இறங்க வேண்டிய இடத்தில் வேறு யாராவது இறங்கினால்தான் நானும் இறங்குவேன். யாரும் இறங்காவிட்டால் கண்டக்டரைக் கூப்பிடக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தம் வரை போய்த் திரும்பி நடந்து வருவேன். ஒரு தடவை தக்கலையில் இறங்க வேண்டியவன் கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளை வரைக்கும் போயிருக்கிறேன்.

ஆகவே ஒரு முடிவு செய்தேன். யாரிடமும் எதுவும் கேட்க வேண்டிய அவசியமே வராதபடி, எல்லாச் சாமானையும் கொண்டுபோய்விடுவது. கையில் இல்லாத சாமானுக்குத்தானே வாய் வேண்டும்?

அக்காளும் தம்பியும் கலந்து பேசி ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். மைசூருக்கு முன்னால் ஒரு பகல், பக்கத்தில் கடற்கரையில் இருக்கிற வட்டக்கோட்டைக்குப் போய் வண்டியிலேயே தங்கிப் பார்ப்பது. நான் சமாளித்தால் நாங்கள் இருவர் மட்டும். இல்லாவிட்டால் அவன் பாயோடு ஏறுவான். இன்னொன்றும் சொன்னான்: “சாமானுக்கு ஒரு பெட்டி. ஒரே ஒரு பெட்டியாக்கும் அத்தான். கட்டிலுக்கு அடியில வேற இடம் கெடையாது.”

அந்தப் பெட்டிக்குத்தான் படுதாவில் கடை பரப்பியிருந்தேன். மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் மடியில் பலகை வைத்த தேங்காய்த் துருவி.

“இது எதுக்கு?” என்று ஒரு சுத்தியலைத் தூக்கினாள்.

“ஏதாவது கழல மாட்டேங்குண்ணா தட்டுகதுக்கு.”

“இது?”

“அது பெரிய சுத்தியல். சின்னதுல தட்டியும் கழலல்லேண்ணா.”

“அப்போ இது?”

“அது மரச் சுத்தியல். ஓங்கித் தட்டக்கூடாத எடத்துக்கு.”

“மைசூர்ல அரண்மனைய பாக்கப் போறோமா, இடிக்கப் போறோமா?”

பைப் ரென்ச்சைக் கையில் எடுத்ததும் அவள் முகம் மாறியது. அது குழாய் கழற்றும் பெரிய சாமான். பெட்டியில் பாதியை அடைத்துக்கொள்ளும். “இதுக்க எடத்துல எனக்கு துருவி வைக்கணும்” என்றாள்.

“மிக்ஸியில அடிச்சாப் போராதா?”

“அடிச்சது சாந்து. துருவுனதாக்கும் பூ. சாந்த வறுத்து தீயல் கொழம்பு வச்சா நீங்க தின்பேளா?”

தின்ன மாட்டேன். அது அவளுக்கும் தெரியும். துருவி பெட்டிக்குள் போனது. அவள் உள்ளே போன நேரம் பார்த்து, பைப் ரென்ச்சை அரிசி வாளியில் புதைத்தேன்.

வட்டக்கோட்டையில் வண்டிகள் நிறுத்தும் இடத்தில் ஒரு மரநிழலாகப் பார்த்து நிறுத்தினேன். கடல் காற்று கோட்டைச் சுவருக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. எங்கள் பக்கம் புழுக்கம். மனைவி அரிசி அளக்க வாளிக்குள் நாழியை விட்டாள். டங் என்றது. ரென்ச்சை வெளியே எடுத்து, தவிடு தட்டி, பாத்திரங்களுக்கு நடுவில் கரண்டி மாதிரி சாய்த்து வைத்தாள். பிறகு துருவியைப் போட்டு உட்கார்ந்தாள்.

அப்போது பக்கத்தில் நின்ற கேரளத்துக் காரிலிருந்து ஓர் ஆள் வந்தார். “சேட்டா, ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனர் உண்டோ? பேட்டரி டெர்மினல் லூசாயி.”

நான் எழுந்திருக்குமுன் மனைவி உள்ளிருந்து குரல் கொடுத்தாள். “எங்க வீட்டுக்காரரிட்ட எல்லாம் உண்டு. என்ன வேணும்ணாலும் கேளுங்க!”

இதை அவள் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். ஸ்பேனர் அவரோடு போனது. அதைப் பார்த்து, அங்கே கடை போட்டிருந்த பொம்மைக்காரர் தன் குடைக் கம்பி வளைந்துவிட்டது என்று கட்டிங் பிளேயரை வாங்கிப் போனார். இளநீர்க்காரர் வெட்டுக்கத்திப் பிடி ஆடுகிறது என்று சுத்தியலுக்கு வந்தார். மூன்றையும் காட்டினேன், பெரியதை எடுத்துக்கொண்டார். யாரிடமும் பேசாமல் இருக்கத்தான் இவ்வளவையும் சுமந்து வந்தேன். அந்தச் சாமான்களே ஆட்களைக் கூட்டி வந்தன. தேங்காய்த் துருவியை மட்டும் யாரும் இரவல் கேட்கவில்லை. “பாத்தேளா, என் சாமான் என்னை விட்டுப் போவல்ல” என்றாள் மனைவி.

சாப்பிட்டு முடித்துச் சாய்ந்தபோது ஃபேன் நின்றுவிட்டது. கட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் இருந்த எங்கள் பேட்டரியிலும் டெர்மினல்தான் லூஸ். பெட்டியைத் திறந்தேன். எட்டு இருந்தது, பன்னிரண்டு இருந்தது, பத்து இல்லை. பிளேயரை வைத்துத் திருகலாம் என்றால் அது குடைக்குப் போயிருந்தது. பெட்டியை மூடிவிட்டு, ஒரு பழைய காலண்டர் அட்டையை எடுத்து மனைவிக்கு விசிறத் தொடங்கினேன்.

“போய்க் கேளுங்க” என்றாள்.

“அவரே கொண்டு தருவாரு.”

“நீங்க கேக்கேளா, நான் தம்பிக்கு ஃபோன் போடட்டா?”

கேரளத்துக்காரர் கோட்டைக்குள் போயிருந்தார். அவருடைய காருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். என்னைப் பார்த்தால் அவருக்கே ஞாபகம் வந்துவிடும் என்பது என் திட்டம். வந்தார். பிள்ளைகளை ஏற்றினார். என்னைப் பார்த்தார். நன்றாகச் சிரித்து, “சேட்டா, வளரெ உபகாரம்” என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார். நானும் சிரித்தேன். சிரித்ததோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கையையும் ஆட்டி வழியனுப்பினேன்.

திரும்பிப் பார்த்தால் மனைவி வேன் வாசலில் நின்று ஃபோனைக் காதில் வைத்திருந்தாள். பாய் ஒன்று சுருளாக வேனுக்குள் ஏறுவது என் மனக்கண்ணில் தெரிந்தது. பிறகு நடந்ததை நான் செய்தேன் என்று இன்றைக்கும் முழுசாக நம்ப முடியவில்லை.

“ஏய், நில்லும்! எனக்க ஸ்பேனரு!”

அந்த இடத்தில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். இளநீர்க்காரர் காருக்கு முன்னால் ஓடிப்போய், என் பெரிய சுத்தியலை உயர்த்திப் பிடித்து மறித்தார். காருக்குள் பிள்ளைகள் வீரிட்டன. அந்த மனிதர் பதறி இறங்கி பானெட்டைத் திறந்தார். ஸ்பேனர் பேட்டரிக்கு மேலேயே கிடந்தது. இன்னும் கொஞ்சம் நகர்ந்து பேட்டரியின் இரண்டு முனையிலும் பட்டிருந்தால் தீப்பொறி பறந்திருக்கும். அதையும் அவரிடம் சொன்னேன். “சாமான எடுத்தா எண்ணிப் பாத்து பானெட்டை மூடணும், கேட்டேளா” என்று புத்தியும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். திறந்த வாய் மூடுவதற்குள் பொம்மைக்காரரிடம் போய் பிளேயரையும், இளநீர்க்காரரிடம் சுத்தியலையும் கேட்டு வாங்கிவிட்டேன். என்னவோ, அன்று எனக்குக் கொஞ்சம் போதை ஏறின மாதிரிதான் இருந்தது.

வேனுக்கு வந்து டெர்மினலை முறுக்கினேன். ஃபேன் சுற்றியது. மனைவி இன்னும் ஃபோனில்தான் இருந்தாள்.

“அக்கா, ஆரு அது கெடந்து விளிக்கது? அங்க என்ன அடிபிடியா?” என்று தம்பியின் குரல் வெளியே கேட்டது.

“அது ஒனக்க அத்தான்” என்றாள். “நீ பாயச் சுருட்டி மச்சுல போடு மக்கா.”

மைசூருக்குப் புறப்படும் முன் படுதாவை மறுபடி விரித்தேன். பைப் ரென்ச்சை நானே எடுத்து ஒதுக்கினேன். சுத்தியலில் சின்னது மட்டும் போதும் என்றேன். துருவி வழக்கம்போல முதலில் ஏறியது. பெட்டியில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. அதில் இன்னொரு பத்தாம் நம்பர் ஸ்பேனர் வாங்கி வைத்தேன்.

“ஒரே சாமான் ரெண்டு எதுக்கு?” என்று கேட்டாள்.

“ஒண்ணு நமக்கு. ஒண்ணு கேட்டு வாறவனுக்கு.”