தைரியநாதன் ஸ்டாண்டு வாங்கிய கதை

கள்ளக்குறிச்சியில் ஸ்டுடியோ வைத்திருந்த தைரியநாதன், தன் கேமராவைத் தன் நிழலிடம்கூடக் கொடுக்க மாட்டார். லென்ஸை மாற்றிவிடுவார்கள், ஃபிலிமை உருவிவிடுவார்கள். ஒன்றுமே செய்யாவிட்டால், அதற்கும் உள்ளே ஒரு காரணம் இருக்கும் என்பது அவர் கட்சி. ஊரையெல்லாம் படம் பிடித்த அந்த மனிதர், மனைவி தெரசாவோடும் மகள் பிரின்சியோடும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றுகூட வீட்டில் கிடையாது. அதை எடுக்க வேறொரு கை வேண்டுமே!

எண்பத்தேழாம் வருடம் பிரின்சி கன்னியர் மடத்தில் சேர்வதென்று முடிவாகிவிட்டது. தெரசா கறாராகச் சொன்னார்.

"ஊர்ல இருக்கற பொண்ணுங்கள எல்லாம் எடுத்துக்கினு திரியறீங்க. இவ போறதுக்குள்ள மூணு பேரும் சேந்தாப்பல ஒரு படம் வேணும். இல்லன்னா எங்கிட்ட பேச்சே வச்சிக்காதீங்க."

தைரியநாதன் மசியவில்லை. அண்மையில் வாங்கிய கேமராவில் டைமர் உண்டு; பொத்தானை அழுத்திவிட்டு ஓடிவந்து நின்றுகொண்டால், அது தானே எடுத்துக்கொள்ளும். அடுத்தவன் எதற்கு? ஆனால் கேமராவை நிறுத்தும் பழைய ஸ்டாண்டின் கால் ஒரு கல்யாணப் பந்தலில் ஒடிந்து போயிருந்தது.

அது இட ஒதுக்கீடு கேட்டு சாலை மறியல் நடந்த செப்டம்பர். புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, சேலம் போய் நாலு கடை ஏறி இறங்க வழியில்லை. ஊரின் மறுகோடியில் தங்கதுரையின் பழைய சாமான் கடைதான் கதி.

அங்கே இரண்டு ஸ்டாண்டுகள் இருந்தன. பளபளவென்ற அலுமினிய ஸ்டாண்டைத் தொட்டதுமே அது நடுங்கியது. மற்றது கனமானது. தைரியநாதன் கால்களை விரித்து, அமுக்கி, பெயின்டைச் சுரண்டி, நடுவில் தன் பையைத் தொங்கவிட்டுப் பார்த்தார். அசையவில்லை. அதுவே அவருக்கு உறுத்தியது.

"நல்லா கீதே, அப்புறம் இன்னாத்துக்கு கம்மி விலைக்குக் குடுக்கற?"

"மெட்ராஸ்ல ஸ்டுடியோ மூடுனவரு குடுத்தது சார். கேமராவ கொண்ணாந்து மாட்டிப் பாத்துட்டு எடுத்துக்கினு போங்க."

கேமராவை இவன் எதற்குக் கேட்கிறான்? தைரியநாதன் உஷாரானார். "அதெல்லாம் வோணாம்" என்று கனமானதை வாங்கி, சாக்கில் சுற்றிக்கொண்டு நடந்தார்.

வெட்டுண்ட மரத்தருகே நின்றவர்கள் மறித்தார்கள். "போலீசுக்குப் படம் புடிக்கப் போறியா?" என்று சாக்கை உதறினார்கள். கேமரா இல்லாததால் விட்டார்கள். பார்த்தாயா, சந்தேகப்பட்டது எவ்வளவு நல்லதாயிற்று என்று மனத்துக்குள் தன்னையே மெச்சிக்கொண்டார்.

ஸ்டுடியோ வாசற்படியில் சடையன் உட்கார்ந்திருந்தான். மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து கடுக்காய் விற்க இறங்கி வந்து, பஸ் இல்லாமல் மாட்டிக்கொண்டவன். தெரசாதான் சோறு போட்டு வந்தார். நோட்டம் பார்க்க வந்தவன் என்று நினைத்து, தைரியநாதன் உள்ளே போகும்போதெல்லாம் கதவைத் தாழிட்டார்.

மறியல் சற்றுத் தளர்ந்த காலையில் மடத்து ஜீப் வந்து நின்றது. "மறுபடி அடைக்கறதுக்குள்ள கெளம்பணும்" என்று சிஸ்டர் அவசரப்படுத்தினார். தைரியநாதன் ஸ்டாண்டை விரித்துக் கேமராவைப் பொருத்தினார். ஏறவில்லை. ஸ்டாண்டின் திருகு பெரிது, கேமராவின் துளை சிறிது. மாட்டிப் பாருங்கள் என்று தங்கதுரை சொன்னது இதற்குத்தானா! ஸ்டூல்மேல் ஸ்டூல் போட்டார். கேமரா சரியப் பார்த்தது. ஜீப் ஹாரன் அடித்தது. பிரின்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

தெரசா வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார். "சடையா, இப்டி வா."

தைரியநாதனுக்கு உயிரே போனது. வேறு வழியில்லை. கேமராவை அவன் கையில் வைத்தார். "இத மட்டும் அமுக்கு. வேற எதையும் தொடாத. நகராத."

"சரிங்க" என்றான் சடையன். அமுக்கினான். திருப்பிக் கொடுத்தான். ஜீப் போய்விட்டது.

அன்றே ஃபிலிமைக் கழுவினார். படம் துல்லியமாக விழுந்திருந்தது. தெரசாவும் பிரின்சியும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். தைரியநாதன் மட்டும் கழுத்தை நீட்டி, பாய்ந்து பிடுங்கத் தயாராகச் சடையனின் விரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பிரின்சி அவர் கையைத் தன் இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றது, படத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.