அம்மா நின்ற இடம்

எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் லைன் என்றால் வீடு. தம்பின் பட்டணத்துக்குப் போகும் ரயில் பாதையும் லைன், துரை பங்களாவுக்கு ஓடும் டெலிபோன் கம்பியும் லைன். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுக்க நாங்கள் நிற்கும் வரிசையும் லைன்தான். துரைமாரின் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே எங்கள் பிழைப்பு முழுவதும் அடங்கிவிட்டது.

வரிசையில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு, அது மாறாது. அம்மா காய்ச்சலில் இறந்த மறுநாளே, அவளுடைய மரப்பால் வாளியை என் கையில் கொடுத்து அப்பா என்னை அங்கே கூட்டிப்போனார். பெண்கள் அம்மாவின் இடத்தைக் காலியாக விட்டு நின்றிருந்தார்கள்.

“லைன்ல என்னா ஓட்டை? நெருங்கி நில்லுங்க” என்றார் கணக்கெழுதும் கிராணி.

ஒருத்தியும் அசையவில்லை. அவர் மறுபடியும் அதட்டினார். பக்கத்து வீட்டு அக்காதான் கடைசியில் என் பக்கம் கை நீட்டினாள்.

“வாம்மா, நீ வந்து நில்லு.”

போய் நின்றேன். கிராணி பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தார். செத்தவள் பெயரை அடிக்கக்கூட அந்த மனிதருக்கு நேரம் இருக்கவில்லை. அம்மாவின் பெயரைக் கூப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“இருக்கேங்கய்யா” என்றேன்.