பாரிவாக்கத்தின் நிறம்

என் தம்பி குடியிருப்பது மேனாம்பேட்டில். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. அவனுடைய ஐந்து வயது மகளுக்கு மூச்சிழுப்பு. மழைக்கு வரும், தூசிக்கு வரும், சும்மாவும் வரும். முகத்தில் மாஸ்க் மாட்டி மருந்துப் புகையை இழுக்க வைத்தால் அழக்கூட மாட்டாள். அதுதான் எனக்குத் தாங்காது.

காற்றில் நைட்ரஜன் டை ஆக்சைடு எவ்வளவு என்று செயற்கைக்கோள் தரும் கணக்கைச் சரிபார்ப்பது என் பிழைப்பு. வண்டிப் புகையில் வரும் வாயு. இழுப்புக்காரர்களுக்கு ஆகவே ஆகாது. ஒருநாள் சாப்பிட வந்த தம்பி என் லேப்டாப்பில் அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டான். வாயு அதிகமென்றால் சிவப்பு, குறைவென்றால் நீலம். மேனாம்பேடு சிவப்பு, பாரிவாக்கம் நீலம். மறுநாளே பாரிவாக்கத்தில் வீடு பார்க்கக் கிளம்பிவிட்டான். கொஞ்சம் பொறுடா, இந்தப் படத்தை நானே நம்பவில்லை என்று கத்தினேன். எங்கே காதில் ஏறியது!

செயற்கைக்கோள் மேலிருந்து பார்க்கும்போது உயரத்தில் இருக்கும் வாயு நன்றாகத் தெரியும், தரையோடு கிடப்பது சரியாகத் தெரியாது. ரசத்தை மேலாகப் பார்த்து அடியில் எவ்வளவு மண்டி என்று சொல்கிற மாதிரிதான். அதனால் எந்த உயரத்தில் எவ்வளவு இருக்கும் என்று ஓர் அனுமானத்தை வைத்துக் கணக்குப் போடுகிறோம். லாரி ஓடுகிற ரோட்டுக்கும் ஏரிக்கரைக்கும் இத்தனை காலம் ஒரே அனுமானம். அநியாயம் இல்லையா?

பாரிவாக்கம் பக்கம் ஒரு மொட்டைமாடியில் கருவி வைத்து அளந்தோம். இடத்துக்கு இடம் தனி அனுமானம் கொடுத்துக் கணக்கைத் திருத்தினோம். செயற்கைக்கோளின் அளவு கருவியோடு அழகாக ஒத்துப்போனது. ஆபீஸில் கைதட்டினார்கள். நான் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஓடும் வெளிவட்டச் சாலையின் புகையெல்லாம் தரையோடு தேங்கி, பாரிவாக்கமும் சிவந்திருந்தது.

அன்று மாலையே தம்பி வீட்டுக்குப் போனேன். பாரிவாக்கத்தில் கிடைத்த வீட்டுக்குப் போகப் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். குழந்தை மாஸ்க்கோடு அவன் மடியில். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப வேற எடம் காட்டுக்கா. வேலைக்குப் போயி வர்ற தூரத்துல."

படத்தை நகர்த்தினேன். ஆவடி, பூந்தமல்லி, எல்லாம் சிவப்பு. குத்தம்பாக்கம் கொஞ்சம் வெளுத்திருந்தது. அங்கே பெரிய பஸ் நிலையம் வருகிறது. நான் லேப்டாப்பை மூடினேன்.

அவன் கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். மகளின் முதுகைத் தடவிக்கொண்டே மெதுவாகத்தான் சொன்னான்:

"நீ தப்பா அளந்துகினு இருந்தப்போ, போறதுக்கு எனக்கு ஒரு எடமாச்சும் இருந்துச்சுக்கா."