பிள்ளைகள் என்ற வெற்றுக்கட்டம்

அந்த அலுவலகத்தில் நான் சிரித்த சிரிப்பை நினைத்தால், இந்த வயதிலும் என்னை நானே அறையவேண்டும் போலிருக்கிறது.

தொண்ணூறுகளின் கடைசி. கணிதம் படித்தவன் என்பதால் வவுனியாவில் ஒரு நிவாரண அலுவலகத்தின் கணினியை என்னிடம் தந்திருந்தார்கள். பூவரசங்குளம் பக்க முகாமில் ஆட்களைப் பதிந்ததும் நான்தான். பெரியவர்களுக்கு ஒரு கட்டம், பிள்ளைகளுக்கு ஒரு கட்டம். பிள்ளைகளைப் பறிகொடுத்து வந்த தாயின் முன்னால் இருந்துகொண்டு அதில் பூச்சியம் போட எங்கள் அலுவலக ஆட்களுக்குக் கை வராது. நானும் கேட்கவில்லை; வெறுமையாக விட்டேன்.

பிறகு பதிவுகளிலிருந்து பங்கீட்டுப் பட்டியல் எடுக்க, எஸ்.கியூ.எல். என்ற கணினி மொழியில் வினவல் ஒன்று எழுதினேன். பட்டியல் எடுக்கும்போது அதுவே பெரியவர்களையும் பிள்ளைகளையும் கூட்டி, ஒருவருக்குரிய அளவால் பெருக்கி, பெயர்களுக்குப் பக்கத்தில் 'அரிசி' என்று புதிய நிரல் ஒன்றைக் காட்டும். அந்த நிரலில் எண் இல்லாதவர்களின் பெயர் பட்டியலில் வராது. என் கெட்டித்தனத்தில் எனக்கு அவ்வளவு பெருமை.

முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்த ஒரு அம்மா, கழுத்தில் செபமாலையோடு வந்து நின்றார்.

"ஐயா, இந்த முறையும் என்ர பேர் வாசிக்கேல்லை."

"கொம்பியூட்டர் பிழை விடாது. நீங்கள் வேற முகாமிலையும் பதிஞ்சிருப்பியள்."

"ரெண்டு இடத்திலை திண்ண எனக்கென்ன ரெண்டு வயிறோ?"

"வாய்க்குக் குறைச்சல் இல்லை" என்று பக்கத்து மேசையில் இருந்த பொறுப்பதிகாரி சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த அம்மா வெறுங்கையோடு போனார்.

அடுத்த பங்கீட்டிலும் பெயர் வரவில்லை என்று அவர் வந்தபோதுதான், எரிச்சலோடு அவருடைய பதிவைத் திறந்தேன். பெரியவர் ஒன்று. பிள்ளைகள் வெறுமை. கணினிக்கு வெறுமை என்றால் பூச்சியம் அல்ல, தெரியாதது. ஒன்றோடு தெரியாததைக் கூட்டினால் விடையும் தெரியாது. அரிசி நிரலும் வெறுமையாகி, பெயரே இல்லாமல் போயிருந்தது. பிள்ளைகளை இழந்து வந்தவர்களாகப் பார்த்து நான் பட்டினி போட்டிருக்கிறேன்.

வெறுமையைப் பூச்சியமாக எடுக்கும்படி வினவலைத் திருத்தினேன். அதற்கு ஒரு சொல் போதுமாக இருந்தது. விட்டுப்போன அரிசியைக் கேட்டேன்.

"போன பங்கீடு போனதுதான்" என்றார் பொறுப்பதிகாரி.

பிழை என்னுடையது என்று சொல்லியிருந்தால் அவர் தந்திருப்பார். நான் சொல்லவில்லை, கோழை. வெளியே வந்து அந்த அம்மாவிடம், "நீங்கள் பிள்ளையளின்ர விபரம் தரேல்லை. அதுதான் பேர் வரேல்லை" என்றேன்.

"நீங்கள் கேக்கேல்லையே ஐயா" என்றார் அவர். "அண்டைக்கு நீங்கள் கேக்காமல் விட்டது எனக்கு எவ்வளவு ஆறுதலாய் இருந்தது தெரியுமோ?"